மணலிடம் கணக்குக் கேட்டவர்

கனகராயன் ஆற்றங்கரைக்கு அண்மையில் எங்கள் குடும்பத்துக்குரிய காணியிலே இரண்டு கிணறுகள் உண்டு. ஒன்று ஆற்றோரத்து மணற்பாங்கான நிலத்தில் வெட்டப்பட்டது. மற்றையது குளத்தின் கீழ், களிமண் செறிந்த பள்ளக்காணியில் உள்ளது. மாரி ஓய்ந்த தை மாதத்திலே எட்டிப் பார்த்தால் இரண்டிலும் நீர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். இறைக்கத் தொடங்கினாலோ அவற்றின் குணம் வேறாகிவிடும். ஆற்றோரக் கிணற்றைக் காலை முழுதும் இறைத்தாலும் மாலைக்குள் பழையபடி ஊறிவிடும். களிக்கிணறு ஒரு மணி நேர இறைப்பிலே அடிமண் தெரிய வற்றிப்போகும்; மறுநாட் காலையிலும் அதில் முழங்காலளவு நீரே சேர்ந்திருக்கும்.

இதன் காரணத்தைச் சிறுவயதில் என் தந்தையாரிடம் கேட்டேன். ஒன்றுக்கு ஊற்றுக்கண் திறந்திருக்கிறது, மற்றதற்கு அடைந்திருக்கிறது என்றார் அவர். அந்த வயதில் அவ்விடை எனக்குப் போதுமானதாக இருந்தது. பல ஆண்டுகள் கழிந்தபின், அதே கேள்வியை முறையாக மணலிடமே கேட்டு, மணல் கொடுத்த விடையை எண்ணில் எழுதிவைத்த ஒருவரின் வரலாற்றை அறிய நேர்ந்தது. அவர் பிரான்சு தேசத்தவர். வன்னி என்னும் பெயரைக் கேள்வியுற்றிருக்கவும் மாட்டார். ஆயினும் இன்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கிணற்றின் நீர்வளத்தைக் கணிக்கும் பொறியியலாளர் எவரும் அவர் கண்ட விதியைக் கையாளாமல் தம் வேலையைச் செய்ய முடியாது. ஹென்றி டார்சி என்பது அவர் பெயர்.

டார்சி 1803 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் திகதி டிஜோன் நகரிலே பிறந்தார். பர்கண்டி மாகாணத்தின் பழைய தலைநகர் அது; கோயில்களும் மாளிகைகளும் நிறைந்தது. தந்தையார் வரி அறவிடும் அலுவலராகப் பணியாற்றியவர். டார்சிக்கு 14 வயதாகும்போது அவர் இறந்துபோனார். கைம்பெண்ணாகிய தாயார் மனந்தளரவில்லை. பிள்ளைகளின் கல்வி குன்றிவிடக் கூடாதென்று உறுதிபூண்டு, உதவிப்பணம் பெற்றும் சிக்கனம் பிடித்தும் அவர்களைப் படிக்கவைத்தார். அத்தாயின் உழைப்பு வீண்போகவில்லை. 1821 இல் மகன் பாரிசிலுள்ள புகழ்பெற்ற பல்தொழில்நுட்பக் கல்லூரியில் இடம்பெற்றார். ஈராண்டுகளின் பின், அரசாங்கத்தின் பாலங்களையும் வீதிகளையும் அமைக்கும் பொறியியலாளரைப் பயிற்றும் உயர்கல்லூரியிற் சேர்ந்தார். படிப்பை முடித்தபின் சொந்த ஊராகிய டிஜோனுக்கே அவருக்கு வேலை மாற்றம் கிடைத்தது. 1828 இல் ஆங்கிலக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றியெற்றா என்னும் பெண்ணை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

அக்காலத்து டிஜோன் வெளிப்பார்வைக்கே அழகிய நகரம்; அதன் தண்ணீரோ வாயில் வைக்கத் தக்கதன்று. நகருக்குள் ஓடிய சூசோன் என்னும் சிற்றாறு கழிவுநீர்க் கால்வாயாகவே மாறியிருந்தது. வீட்டுக் கிணறுகளில் அசுத்தம் கசிந்து கலந்தது. நோயும் துர்நாற்றமும் அந்நகரத்தார்க்குப் பழகிப்போயிருந்தன. நல்ல நீர் வேண்டுமென்று நகரசபை நூற்றாண்டுகளாகப் பேசிவந்தது, பேச்சுச் செயலாகவில்லை. ஆழமாகத் துளையிட்டால் நீர் தானாகவே பொங்கியெழும் என்னும் நம்பிக்கை அந்நாளில் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. டிஜோன் நகரத்தாரும் 1829 ஆம் ஆண்டளவில் புனித மிக்கேல் ஆலயத்தின் முன்னுள்ள வெளியிலே ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டினர். நீர் துளையினுள் ஏறியது. ஆயின் தரைமட்டத்தை எட்டவில்லை. இயந்திரம் வைத்து இறைத்துப் பார்த்தபோது, ஒரு நகரத்தின் தாகத்தைத் தீர்க்கும் அளவுக்கு அது சுரக்கவும் இல்லை. துளை ஆழமானதுதான், ஆனால் அதைச் சூழ்ந்த பாறை வேண்டிய விரைவில் நீரை விட்டுக்கொடுக்கவில்லை. பூமிக்குள் நீர் இருப்பது வேறு, அது நம் கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை இளம்பொறியியலாளராகிய டார்சி அங்கே கண்டறிந்திருக்க வேண்டும்.

கைவிடப்பட்ட அந்தக் கிணற்றை நம்பியிராமல், அவர் நகருக்கு வெளியே நீர் தேடினார். ரோசுவார் என்னும் இடத்திலே தெளிந்த ஊற்றொன்று இருந்தது. அந்நீரை மூடிய கால்வாய் வழியாக நகருக்குக் கொண்டுவரலாம் என்று கணக்கிட்டு, 1834 இல் விரிவான திட்டமொன்றை நகரசபைக்குச் சமர்ப்பித்தார். 1839 இல் வேலை தொடங்கியது. 1840 ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 ஆம் திகதி, 12.7 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து ஊற்றுநீர் நகர்வாயிலிலுள்ள நீர்த்தேக்கத்தை வந்தடைந்தது. இயந்திரமோ இறைப்போ வேண்டப்படவில்லை. நிலத்தின் சரிவே நீரை நடத்தியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,000 லீற்றர் நீர் வந்தது. பின்னர் நகரெங்கும் சுமார் 28 கிலோமீற்றர் நீளத்துக்குக் குழாய்கள் பதிக்கப்பட்டன. நூறு மீற்றருக்கு ஒன்றாக வீதிதோறும் குடிநீர்க் குழாய்கள் நாட்டப்பட்டன. செல்வர் வறியவர் என்ற வேறுபாடின்றி எவரும் அவற்றில் இலவசமாக நீர் அள்ளலாம். பாரிசு நகரத்துக்கே அக்காலத்தில் அத்தகைய நீர்வசதி வாய்த்திருக்கவில்லை.

இவ்வேலைக்காக டார்சிக்கு உரித்தான ஊதியம் 55,000 பிராங் அளவினது. அந்நாளிலே அது பெருஞ்செல்வம். அதனை அவர் ஏற்க மறுத்துவிட்டார். நகரத்தார் மனம் நோகாதிருக்கும் பொருட்டு ஒரு பொற்பதக்கத்தையும், தம் ஆயுள்வரையும் தம் வீட்டுக்கு இலவச நீரையும் மாத்திரமே பெற்றுக்கொண்டார். தந்தையை இழந்த சிறுவனாகத் தம்மை வளர்த்த ஊருக்கு அவர் செலுத்திய கடன் அது என்று நான் கருதுகின்றேன்.

புகழ் ஓங்கிய காலத்திலேயே சோதனையும் வந்தது. பாரிசிலிருந்து லியோனுக்குச் செல்லும் புகையிரதப் பாதை தம் ஊரின் வழியே செல்லவேண்டுமென அவர் பாடுபட்டார். அதற்கு மலையைக் குடைந்து 4 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கம் அமைக்கவேண்டும் என்னும் திட்டத்திலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. சுரங்கம் அமைந்தது, பாதையும் வந்தது. ஆனால் 1848 இல் பிரான்சில் அரசியற் புரட்சி மூண்டபோது, ஊரிலே செல்வாக்குள்ள அவரைப் புதிய ஆட்சியாளர் ஐயக்கண் கொண்டு நோக்கினர். டிஜோனை விட்டு அவர் அகற்றப்பட்டார். சில காலத்தின் பின் பாரிசு நகரத்தின் நீர்வழங்கலுக்கும் வீதிகளுக்கும் தலைமைப் பொறியியலாளராக நியமனம் பெற்றார். அங்கே குழாய்களினுள் நீர் ஓடும் முறையைப் பற்றிப் பல சோதனைகள் நடத்தினார். குழாயின் உட்சுவர் வழுவழுப்பானதா, சொரசொரப்பானதா என்பது நீரோட்டத்தைப் பெரிதும் மாற்றும் என்று காட்டினார். நீரின் வேகத்தை அளக்கும் கருவியொன்றையும் திருத்தியமைத்தார். ஆயினும் உடல்நலம் நாளுக்கு நாள் குன்றியது. 1855 இல் அலுவற்பொறுப்புக்களிலிருந்து விடுதலை பெற்று, ஆராய்ச்சி செய்வதற்கு மட்டும் அனுமதி வேண்டி, டிஜோனுக்குத் திரும்பினார்.

இனிச் சொல்லப்போவதே அவர் வாழ்வின் சிகரம். நோயுற்ற ஒருவர் தமக்கு எஞ்சிய காலம் அதிகமில்லை என்பதை உணர்ந்திருந்தார். தாம் செய்த நகர நீர்வேலை முழுவதையும் ஒரு நூலாக எழுதிவிடவேண்டும் என்று முனைந்தார். அந்நாளில் ஐரோப்பிய நகரங்கள் ஆற்றுநீரை மணலினூடே வடிகட்டிக் குடிநீராக்கத் தொடங்கியிருந்தன. ஒரு நகரத்துக்கு எத்தனை பரப்புள்ள மணல் வடிகட்டி வேண்டும் என்று கேட்டால், அதற்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. அனுபவத்தால் மதிப்பிட்டுக் கட்டினார்கள். சில போதாமற் போயின. மணலினூடாக நீர் எந்த விதிப்படி செல்கின்றது என்பதை அறியாமல் இந்நூலை முடிப்பது டார்சியின் மனத்துக்கு ஒப்பவில்லை.

டிஜோன் நகர மருத்துவமனையின் முற்றத்திலே இரும்பாலான நீண்ட உருளை ஒன்றை நிமிர்த்தி நிறுத்தினார்கள். அதன் உயரம் 3.5 மீற்றர், உள்விட்டம் 35 சதமமீற்றர். அடியில் வலைத்தட்டு வைத்து அதன்மேல் சாவோன் ஆற்று மணலை இட்டனர். மேலிருந்து நீரைச் செலுத்தி, அடியில் வந்து விழும் நீரைத் தொட்டியிலே அளந்தனர். உருளையின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் நீரின் அழுத்தத்தைக் காட்டும் இரசமானிகள் பொருத்தப்பட்டிருந்தன. சார்ள்ஸ் ரிற்றர் என்னும் பொறியியலாளர் உதவியாக நின்றார். 1855 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி முதல் நவம்பர் 2 வரை முதற்சோதனைகள் நடந்தன. மருத்துவமனையின் குழாய்களைத் திறந்தும் மூடியும் பிறர் பயன்படுத்தியபடியால் இரசமட்டம் ஓயாது ஆடியது. அவ்வாட்டத்துக்கும் இடங்கொடுத்துச் சராசரியை எடுத்தார்கள். மணற்படையின் தடிப்பை அரை மீற்றருக்குச் சற்று மேலிருந்து ஏறக்குறைய 1.7 மீற்றர் வரையும் மாற்றிப் பார்த்தார்கள். ஐயம் தீரும்பொருட்டு 1856 பெப்ரவரியில் மீண்டும் ஒருமுறை சோதனை நடந்தது.

மணல் அளித்த விடை வியக்கத்தக்க எளிமையுடையது. படையின் மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாடு இருமடங்கானால் வடியும் நீரும் இருமடங்காகும். படையின் குறுக்குப்பரப்பு இருமடங்கானாலும் அவ்வாறே. படையின் தடிப்பு இருமடங்கானால் வடியும் நீர் பாதியாகும். இவை மூன்றையும் ஒரு சமன்பாட்டிலே கோத்தால், எஞ்சியிருப்பது ஒரே ஓர் எண். அந்த எண் மணலுக்கு மணல் மாறுபடுவது. அந்தந்த மண்ணின் குணத்தைக் கூறுவது. அதுவே எங்கள் தந்தையார் ஊற்றுக்கண் என்று சுட்டியதன் அளவு. 1856 இல் வெளிவந்த டிஜோன் நகரத்துப் பொது நீரூற்றுக்கள் பற்றிய பெருநூலிலே, பின்னிணைப்பாக வரும் ஒரு குறிப்பில் இவ்விதி அச்சேறியது. நகரின் குழாய்களையும் கால்வாய்களையும் விரித்துரைத்த அந்த நூலின் ஏனைய பக்கங்களை இன்று சிலரே புரட்டுவர். பின்னிணைப்பின் சில பக்கங்களோ உலகெங்கும் பாடமாகிவிட்டன.

அந்த எண் எதனைப் பொறுத்தது என்பதை இங்கே சிறிது விளக்குதல் நன்று. மண்ணிலும் பாறையிலும் துணிக்கைகளுக்கு இடையே வெற்றிடங்கள் உள்ளன. மொத்தக் கனவளவில் வெற்றிடத்தின் பங்கை நுண்டுளைமை என்பர். அவ்வெற்றிடங்கள் ஒன்றோடொன்று தொடுத்து நீருக்கு வழிவிடும் ஆற்றலை ஊடுபுகவிடுமியல்பு என்பர். முன்னையது களஞ்சியத்தின் கொள்ளளவு. பின்னையது களஞ்சியத்தின் வாசல். இரண்டும் ஒன்றெனப் பலர் மயங்குவர். களிமண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவிற் பாதியளவும் சில வேளை அதற்கு மேலும் வெற்றிடமே. மணலில் வெற்றிடம் காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகவே இருக்கும். ஆகவே களி மணலினும் அதிக நீரைக் கொள்ளும். ஆனால் களியின் துளைகள் கண்ணுக்குப் புலனாகாத நுண்மையுடையவை. நீர் அவற்றின் சுவர்களிலே பற்றிக்கொண்டு அசைய மறுக்கும். மணலின் ஊடுபுகவிடுமியல்பு களியினதைவிடப் பல்லாயிரம் மடங்கு முதற் பல இலட்சம் மடங்கு வரையும் மிகுந்தது. நிறைந்த வீடுகள் இருந்தும் ஒழுங்கைகள் ஒடுங்கிய ஊர் களி. வீடுகள் குறைந்தாலும் அகன்ற தெருக்களையுடைய ஊர் மணல்.

துளையின் அகலம் ஏன் இத்துணை முக்கியமாகின்றது என்பதற்கு டார்சியின் காலத்தவராகிய புவாசேய் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் ஆராய்ச்சி விடை தருகின்றது. இரத்தம் நுண்ணிய நாளங்களிற் பாயும் முறையை அறிய விரும்பி, மெல்லிய கண்ணாடிக் குழல்களிலே நீரைச் செலுத்திப் பார்த்தவர் அவர். குழலின் விட்டம் பாதியானால் நீரோட்டம் பதினாறில் ஒன்றாகும் என்று 1840 ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் காட்டினார். மணியின் பருமன் பாதியாகும்போது துளைகளின் தொகை கூடுமாயினும், ஒவ்வொன்றும் ஒடுங்குவதால், நுண்டுளைமை மாறாதிருக்கையிலும் ஊடுபுகவிடுமியல்பு ஏறத்தாழக் காற்பங்காகக் குறைந்துவிடும். எங்கள் களிக்கிணற்றில் நீர் இல்லாமலில்லை. நீர் வருவதற்குத்தான் நேரமில்லை.

இவ்விதியைக் கையில் ஏந்திக்கொண்டு வன்னிப் பெருநிலத்தை நோக்கினால் பல புதிர்கள் அவிழ்கின்றன. தெற்கே வவுனியாப் பகுதியின் அடிநிலம் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய பளிங்குருப் பாறை. உடையாத கருங்கல்லில் நுண்டுளைமை நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. எனினும் அதன் மேற்பகுதி வெயிலாலும் மழையாலும் காலமெல்லாம் உக்கி, சில மீற்றர் தடிப்புள்ள நொய்ந்த படையாகியுள்ளது. வவுனியா மக்களின் வெட்டுக்கிணறுகள் வாழ்வது இப்படையிலேதான். அதன் கீழே பாறையின் வெடிப்புக்கள் வழியாகச் சிறிது நீர் ஓடும். குழாய்க்கிணறு அவ்வெடிப்பைச் சந்தித்தால் நீருண்டு; சந்திக்காவிட்டால் நூறடிக்கு அப்பால் அயலவன் நிறையப் பெற்றாலும் நமக்கு வெறுந்துளையே மிச்சம். டிஜோன் நகரத்தார் கண்ட ஏமாற்றத்தை எங்கள் ஊர்களிலே எத்தனையோ குடும்பங்கள் கடன்பட்டுக் கண்டிருக்கின்றன.

வெடிப்பு நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. டார்சி அளந்தது பரப்பொன்றைக் கடக்கும் நீரின் அளவு. அந்நீர் உண்மையில் நடக்கும் வேகத்தை அறிய வேண்டுமாயின் அதனை நுண்டுளைமையால் வகுக்க வேண்டும். வெற்றிடம் குறையக் குறைய, அதே அளவு நீர் விரைந்து ஓடியாக வேண்டும். எனவே ஒடுங்கிய வெடிப்புக்களிற் செல்லும் நீர் மணலிற் செல்வதிலும் பன்மடங்கு வேகமாகச் செல்லக்கூடும். மணல் அழுக்கை ஓரளவு வடிகட்டும், வெடிப்பு வடிகட்டாது. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் வேண்டுமென்று சுகாதாரப் பரிசோதகர் வற்புறுத்துவது வீண் சட்டமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மறுதலையாக, உக்கிய பாறையில் நெடுங்காலம் தங்கும் நீர் பாறையின் உப்புக்களைக் கரைத்துக்கொள்ளும். வவுனியாவின் சில இடங்களில் நீரிலே புளோரைட்டு மிகுந்து காணப்படுவதற்கு இத்தகைய தங்கலும் ஒரு காரணமாகும்.

நம் முன்னோர் வெட்டிய சிறுகுளங்களின் அருமையும் இவ்விடத்தே விளங்கும். குளம் வயலுக்குப் பாய்வதற்கு மாத்திரம் என்று எண்ணுகிறோம். குளத்தடியிலிருந்து நாள்தோறும் சுவறும் நீர், உக்கிய படையினுள் புகுந்து, குளக்கட்டின் கீழுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கின்றது. மட்ட வேறுபாடு இருக்கும்வரையே நீர் நடக்கும் என்பது டார்சியின் விதி. குளத்தைத் தூரவிட்டால், அல்லது அலைகரையை அடைத்துக் கட்டடம் எழுப்பினால், மட்டம் தாழும், கிணறும் தாழும். குளத்தின் கீழ்க் கிணறு வற்றியதற்கு வானத்தை நோகும் நாம், குளத்தை நோக்குவதில்லை.

வடக்கே செல்லச் செல்ல நிலத்தின் இயல்பு மாறுகின்றது. முழங்காவில், பரந்தன் பக்கங்களில் பளிங்குருப் பாறை ஆழத்தில் அமிழ்ந்துபோக, அதன்மேற் சுண்ணக்கற் படை அமைந்துள்ளது. நீரிற் கரையும் சுண்ணக்கல் தன்னுள்ளே கால்வாய்களையும் குகைகளையும் தோற்றுவிப்பது. ஊடுபுகவிடுமியல்பு அங்கே மிகும். நீர் தாராளமாக வரும்; தாராளமாக இறைத்தால் உவர்நீரும் தாராளமாகவே பின்தொடரும்.

கிழக்கே முல்லைத்தீவுக் கரையிலோ மணலே அரசு செய்கின்றது. மழைநீர் மணலுள் இறங்கி, கடலின் உப்புநீர்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் பாரம் சிறிது குறைந்ததாதலால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கரையோரங்களில் ஆராய்ந்தவர் கண்ட கணக்கு. ஓரடியை நாம் இறைத்துத் தாழ்த்தினால் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி உயர முனையும். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உப்பாக்கியபோது, பலர் பதைத்து ஓயாது இறைத்தனர். அவ்வாறு இறைத்தல் சில இடங்களிலே கீழ் உவரை மேலும் மேலே இழுக்கும் என்று அறிந்தோர் எச்சரித்தனர். மணலின் ஊடுபுகவிடுமியல்பு உப்பை எளிதில் உள்ளே விட்டது உண்மை; அடுத்தடுத்து வந்த மாரிமழையைக் கொண்டு அவ்வுப்பைக் கழுவிச் செல்லவிட்டதும் அதே இயல்புதான்.

2009 இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து மக்கள் கட்டங் கட்டமாக ஊர் திரும்பிய காலம் என் நினைவில் நிற்கின்றது. வீடு கூரையிழந்து நின்றது, வேலி இல்லை, வளவெல்லாம் பற்றை. யாவரும் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். நானும் அவ்வாறே பார்த்தேன். ஆற்றோரக் கிணற்றிலே குப்பை மண்டியிருந்தது. அயலவர் துணையுடன் சேற்றை அள்ளி, மூன்று முறை இறைத்து விட்டோம். மூன்றாம் நாள் தெளிந்த நீர் ஊறியது. சுவர்கள் இடிந்தன, மரங்கள் வீழ்ந்தன. ஆனால் நிலத்தின் அடியிலே மணலுக்கும் நீருக்கும் உள்ள உறவு அறுபடவில்லை. அன்றைய தினம் டார்சியின் பெயரை நான் நினைத்தேனல்லேன், தந்தையாரையே நினைத்தேன். இப்பொழுது எண்ணும்போது இருவரையும் சேர்த்து நினைக்கின்றேன்.

டார்சியின் முடிவு விரைவில் வந்தது. டிஜோனுக்கருகே பர்கண்டிக் கால்வாயில், திறந்த வாய்க்கால்களில் நீரோடும் முறையைப் பற்றி அடுத்த ஆராய்ச்சியை அவர் தொடங்கியிருந்தார். அதனை முடிக்க ஆயுள் இடங்கொடுக்கவில்லை. பாரிசுக்குச் சென்றிருந்தபோது நுரையீரல் அழற்சி கண்டு, 1858 ஆம் ஆண்டு சனவரி 3 ஆம் திகதி, தமது 55 ஆம் வயது நிரம்புமுன் காலமானார். அவர் உடல் டிஜோனுக்கு எடுத்துவரப்பட்டது. அந்நகரமே துக்கம் அனுட்டித்தது. நீர்த்தேக்கம் அமைந்த சதுக்கத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. இன்றும் அது டார்சி சதுக்கமே. வாய்க்கால் ஆராய்ச்சியை அவருடைய உதவியாளராகிய ஆன்றி பசான் தொடர்ந்து நடத்தி, 1865 இல் வெளியிட்டார். கிணறுகளை நோக்கி நீர் எவ்வாறு வந்து சேர்கின்றது என்னும் கணக்கை 1863 இல் டூப்யூயி என்னும் மற்றொரு பிரெஞ்சுப் பொறியியலாளர் டார்சியின் விதியினின்று வருவித்தார். எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் பாறையின் ஊடுபுகவிடுமியல்பை அளக்கும் அலகுக்கு டார்சி என்றே பெயரிட்டனர். நீரைப் பற்றி ஆராய்ந்தவர் பெயரை எண்ணெய்க்காரர் நாள்தோறும் உச்சரிப்பது காலத்தின் கோலம்.

இப்பெரியாரின் வாழ்விலே என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, நகரத்துக்கு நீர் கொடுத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின்னரும், நோயுற்ற உடலோடு, தாம் அறியாத ஒன்றை அறிவதற்காக மணல் நிறைந்த உருளையின் முன்னே நின்றமை. மற்றது, நீரைப் பொதுவுடைமையாக மதித்தமை. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல்களை எண்ணி மறுத்தார்கள். யாழ்ப்பாணத்தார் தம் கிணறுகளின் நிலையை எண்ணி ஏங்கினார்கள். இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியிலே எழுந்தது. இரு சாராரின் கவலையிலும் நியாயம் உண்டு. வழக்கை டார்சியின் விதி தீர்க்கமாட்டாது. ஆயின் எவ்வளவு நீர் எங்கே இருக்கின்றது, எவ்வளவு விரைவில் அது மீளும் என்பதை அது சொல்லும். அதைக் கேட்டறியாமல் நாம் பேசுவது வெறும் சச்சரவாகவே முடியும்.

எங்கள் களிக்கிணற்றைத் தூர்த்துவிடும்படி சிலர் எனக்குப் புத்தி கூறினார்கள். ஆழமான குழாய்க்கிணறு ஒன்று இடும்படி வேறு சிலர் தூண்டினார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் அளவாக இறைத்து, இரவு முழுதும் அதை ஊறவிடுகின்றேன். நாலு பாத்தி கத்தரிக்கும் ஒரு வரிசை வாழைக்கும் அது போதுமாயிருக்கின்றது. களியினூடே நீர் தன் விதிப்படி மெல்ல நடந்து வருகின்றது. அதற்குரிய காலத்தை நாம்தான் கொடுக்கவேண்டும்.